பில்லிங் மென்பொருள் சப்போர்ட்: 10-ஆம் தேதி போன் அடிக்கும்போது

பில்லிங், கணக்கு மென்பொருள் செய்து விற்கும் கம்பெனியில் சப்போர்ட் பிரிவுக்கு மாதம் 1-ஆம் தேதி பிறப்பதில்லை, 8-ஆம் தேதிதான் பிறக்கிறது. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, அதாவது விற்பனை விவரம் தரும் ரிட்டர்னுக்குக் கடைசி நாள். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு 13. 14-ஆம் தேதி 2பி, அதாவது சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல் வரும், உடனே "கொள்முதல் டேலி ஆகலைங்க" என்று போன்கள் தொடங்கும். 20-ஆம் தேதி 3பி, வரியைக் கட்டும் ரிட்டர்ன். தமிழ்நாட்டில் காலாண்டுக்காரர்களுக்கு அது 22. இந்த நாட்களில் லீவு கேட்பதும், புதிய பதிப்பு வெளியிடுவதும் கூடாது என்பது எங்கும் எழுதாத விதி. திருப்பூர், ஈரோடு, கோவை பக்கத்து வாடிக்கையாளர்களைப் பார்க்கும் மேசை என்றால் 10-ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு மேல் வரிசையில் எப்போதும் ஆள் காத்திருப்பார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகவும், போனின் மறுமுனையில் இருக்கும் அக்கவுண்டன்ட்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வாடிக்கையாளர் சொல்லும் முதல் வாக்கியத்தில் பிழை எங்கே என்பது இருக்காது. அதைக் கேட்டு வாங்குவதுதான் பாதி வேலை.

"சார், டேக்ஸ் தப்பா வருதுங்க."

"எந்த பில்லுங்க? நம்பர் சொல்லுங்க சார்."

"எல்லா பில்லும்தானுங்க."

"சரிங்க, கடைசியா தப்பா வந்தது ஒண்ணு சொல்லுங்க. அதே பார்ட்டிக்கு முன்னால சரியா வந்த பில் ஒண்ணும் சொல்லுங்க."

இந்த இரண்டாவது கேள்வியை விடவே கூடாது. தப்பான பில்லை மட்டும் பார்த்தால் நூறு காரணம் தோன்றும். சரியான பில்லையும் தப்பான பில்லையும் பக்கத்தில் வைத்தால் நடுவில் மாறியது எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மாறியிருப்பது மாஸ்டர், அதாவது பார்ட்டி, பொருள் விவரங்களைச் சேமித்து வைக்கும் பட்டியல்: பார்ட்டியின் மாநிலம் காலியாகக் கிடக்கும், அல்லது யாரோ ஜிஎஸ்டி எண்ணை மாற்றியிருப்பார்கள். அந்த எண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டும் மாநிலக் குறி, தமிழ்நாடு என்றால் 33. அது 32 ஆகவோ 29 ஆகவோ மாறியிருந்தால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரிய வேண்டிய வரி ஐஜிஎஸ்டியாக (மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனைக்கான வரி) வந்து நிற்கும். மென்பொருள் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும்.

இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிந்து எண் வாங்கும் முறை, பற்றிய அழைப்புகள் தனி ரகம். 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ளவர்களோடு தொடங்கியது, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ஆகிவிட்டது. அதனால் இன்று போன் செய்பவர் பெரிய கம்பெனியின் ஐடி ஆளாக இருக்க மாட்டார். லாரியை வாசலில் நிறுத்திவிட்டு பில் போடும் கிளார்க்காக இருப்பார். போர்ட்டல் தரும் பிழைக் குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மூன்றை அறிந்தால் போதும். 3028 என்றால் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் இன்வாய்ஸ் போர்ட்டலின் பதிவில் இல்லை. எண் சரிதானா என்று பார்த்துவிட்டு, சரி என்றால் பொது போர்ட்டலிலிருந்து சின்க் செய்ய வேண்டும். 3039 என்றால் பின்கோடும் மாநிலமும் பொருந்தவில்லை. மூன்றாவது 2150. அதில்தான் உண்மையான ஆபத்து.

2150 என்றால் டூப்ளிகேட் ஐஆர்என், அதாவது ஒரே இன்வாய்ஸ் பதிவு எண் இரண்டாம் முறை. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகியவற்றிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் 64 எழுத்துக் கோவைதான் ஐஆர்என். அதனால் ஒரே ஆண்டில் ஒரே பில் எண்ணை இரண்டாம் முறை அனுப்பினால் போர்ட்டல் மறுத்துவிடும். கிளார்க் இரண்டாம் முறை அனுப்பியது ஏன்? முதல் முறை அனுப்பியபோது பில் போர்ட்டலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பதில் திரும்பி வருவதற்குள் நெட் கட் ஆகிவிட்டது. திரையில் எதுவும் வராததால் மறுபடி அழுத்துகிறார், 2150 வருகிறது. லாரி டிரைவர் அவசரப்படுத்துகிறார். கிளார்க் பில் நம்பரை ஒன்று கூட்டி அனுப்பிவிடுகிறார். அது பாஸ் ஆகிறது, லாரி கிளம்புகிறது, எல்லாம் சரியானது போலத் தெரிகிறது. 10-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 பார்க்கும்போது ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ் நிற்கும், வரியும் இரட்டிப்பாக நிற்கும். ஐஆர்என்-ஐ ரத்து செய்ய 24 மணி நேரம்தான். அந்த நேரம் எப்போதோ கடந்திருக்கும்.

எனவே 2150 என்று கேட்டதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "பில் நம்பரை மாத்தாதீங்க." அடுத்து, ஏற்கெனவே உருவான ஐஆர்என்-ஐயும் க்யூஆர் கோடையும் பில் எண்ணைக் கொடுத்து போர்ட்டலிலிருந்து இழுத்து அதே பில்லில் பதிய வேண்டும். இதை அன்றே செய்துவிடுவது நல்லது. நம்பர் மாறிப் போய்விட்டது, 24 மணி நேரமும் கடக்கவில்லை என்றால், சரக்கோடு போகாத பில்லைக் கண்டுபிடித்து ரத்து செய்யலாம். ஆனால் அதன் மேல் இ-வே பில் (சரக்கை எடுத்துப்போகும் மின் அனுமதிச் சீட்டு) உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்தாக வேண்டும். ரத்தான எண்ணை அந்த ஆண்டில் மறுபடி பயன்படுத்த முடியாது. நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலும் கிரெடிட் நோட் (விற்ற தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம்) போடுவதுதான் வழி.

தேதிகளின் இறுக்கமும் கூடிவிட்டது. 2025 ஜூலை மாத ரிட்டர்னிலிருந்து 3பி-யில் தானாக வந்து விழும் விற்பனை வரித் தொகையைக் கையால் மாற்ற முடியாது. ஜிஎஸ்டிஆர்-1-இல் விட்ட தப்பை 3பி போடுவதற்கு முன் 1ஏ என்ற திருத்தப் படிவம் வழியாகத்தான் திருத்த வேண்டும். முன்பெல்லாம் "3பி-ல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட பிழைகள் இப்போது 11-க்கு முன்பே எங்கள் மேசைக்கு வந்துவிடுகின்றன. வாடிக்கையாளரிடம் இந்தக் காரணத்தைச் சொன்னால் அவரும் 5-ஆம் தேதியே ரிப்போர்ட் எடுத்துப் பார்க்கத் தொடங்குவார்.

வரி விகிதம் மாறும் நாள்தான் இந்தத் தொழிலின் பெரிய பரீட்சை. 2025 செப்டம்பர் 22 அப்படிப்பட்ட நாள். 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் எடுக்கப்பட்டு 5-ம் 18-ம் முக்கிய விகிதங்கள் ஆயின. "12 எல்லாம் 5, 28 எல்லாம் 18" என்று மாஸ்டரை மொத்தமாக மாற்றத் தோன்றும். திருப்பூரில் அப்படிச் செய்தால் மாட்டிக்கொள்வோம். ஆயத்த ஆடையில் முன்பு ஒரு பீஸ் ரூ.1,000 வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12. இப்போது ரூ.2,500 வரை 5, அதற்கு மேல் 18. ரூ.1,800 சட்டை 12-லிருந்து 5-க்கு இறங்கியது. ரூ.2,800 சட்டை அதே 12-லிருந்து 18-க்கு ஏறியது.

கணக்கிடும் வரிசையும் இங்கே முக்கியம். வரிக்கு முந்தைய விலை ரூ.2,600, பில்லிலேயே 10 சதவீதத் தள்ளுபடி என்றால் விற்பனை மதிப்பு ரூ.2,340, வரி 5 சதவீதம். மென்பொருள் விகிதத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதன்பின் தள்ளுபடியைக் கழித்தால் 18 போட்டுவிடும். தள்ளுபடி, அடுக்கு, வரி என்ற வரிசையில்தான் போக வேண்டும். இதைச் சோதிக்க எல்லையை ஒட்டிய மூன்று பில் போதும்: ரூ.2,499, ரூ.2,500, ரூ.2,501.

அதைவிட ஆழமான பிழை ரிட்டர்ன் சரக்கில் ஒளிந்திருக்கும். ஆகஸ்டில் 12 சதவீதத்தில் விற்ற ரூ.1,800 சட்டை அக்டோபரில் திரும்பி வருகிறது. கிரெடிட் நோட்டில் பழைய பில்லின் 12 சதவீதமே, அதாவது ரூ.216 வர வேண்டும். ஐட்டம் மாஸ்டரில் பழைய விகிதத்தை அழித்துப் புதியதை எழுதியிருந்தால் ரூ.90 என்று வரும். ஒரு சட்டைக்கு ரூ.126 வித்தியாசம், 500 சட்டை திரும்பினால் ரூ.63,000. இன்னொரு கேடும் உண்டு. ஆகஸ்ட் பில்லை வண்டி எண் திருத்தத் திறந்து சேவ் செய்தால் வரி மறுபடி கணக்காகி 5 ஆகிவிடும். தாக்கல் செய்து முடித்த மாதத்தின் கணக்கு சத்தமில்லாமல் கெடும். அதனால் விகிதத்தை "எந்தத் தேதி முதல்" என்ற தேதியோடுதான் சேர்க்க வேண்டும். பழைய விகிதம் அப்படியே இருக்க, அதன் கீழே புதிய விகிதம். கிரெடிட் நோட் மூல பில்லின் எண்ணைக் கேட்டு அதன் விகிதத்தை எடுக்க வேண்டும்.

சரக்கு 21-ஆம் தேதி போனது, பில் 22-ஆம் தேதி போட்டால் எந்த விகிதம் என்றும் கேட்பார்கள். அதற்கு ஆடிட்டர்தான் பதில் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மென்பொருளில் எதை எங்கே மாற்றுவது என்பது வரை நம் எல்லை.

புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கும் வேலையில் பிழைகள் பிறக்கும் இடம் எக்செல். ஈரோட்டு மஞ்சளின் எச்எஸ்என் (பொருள் வகைக் குறியீடு) 0910 என்று தொடங்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் சைபரைத் தின்றுவிடும், 910 மிஞ்சும். 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு சுருங்கி அறிவியல் குறியீடாக நிற்கும். அதை அப்படியே சிஎஸ்வி ஆக சேமித்தால் கடைசி இலக்கங்கள் சைபராகி, ஸ்கேனரில் ஒரு பொருளும் சிக்காது. 4-11 என்ற பில் எண் தேதியாக மாறும். கணினியில் அமெரிக்கத் தேதி முறை இருந்தால் 04/11 நவம்பர் 4-க்குப் பதில் ஏப்ரல் 11 ஆகும். இலக்கங்கள் போன பிறகு எந்த வித்தையாலும் திரும்பாது. தரவை ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் ஆக்கிவிட வேண்டும்.

ஓபனிங் பேலன்ஸ் ஏற்றும்போது பார்ட்டிக்கு ஒரே மொத்தத் தொகையாக ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எந்த பில் எத்தனை நாள் பாக்கி என்ற ரிப்போர்ட் முதல் நாளே பொய்யாகிவிடும், வசூலுக்குப் போகிறவர் கையில் வெறும் மொத்தம்தான் இருக்கும். பில்வாரியாக ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் டிரையல் பேலன்ஸ் மொத்தம், ஸ்டாக் மதிப்பு, வர வேண்டிய பாக்கி ஆகிய மூன்று தொகைகளையும் பழைய கணக்கோடு ஒப்பிட்டு வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகுதான் முதல் பில் போட வேண்டும்.

தமிழில் பில் கேட்பவர்களுக்கு ஒரு சொல். மளிகைக் கடையில் இருக்கும் 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டர்களில் பொதுவாகத் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில பில்லை எழுத்தாக அனுப்பலாம். தமிழ் பில்லைப் படமாக வரைந்து 576 புள்ளி அகலத்துக்குள் அனுப்ப வேண்டும், அதனால் கொஞ்சம் மெதுவாக வரும். ஐட்டம் பெயர்களைப் பழைய பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தால், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் தேடினாலும் கிடைக்காது.

எந்த ரிமோட் கனெக்‌ஷனிலும் முதல் வேலை பேக்கப். எடுத்தால் மட்டும் போதாது, ஃபைலின் அளவையும் தேதியையும் பார்க்க வேண்டும். நேற்று 900 எம்பி இருந்த பேக்கப் இன்று 12 எம்பி என்றால் வேறு எதையும் தொடாமல் அதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். திடீரென ஒரு நாள் எந்த பில்லும் சேவ் ஆகவில்லை என்றால் சி டிரைவில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இலவசப் பதிப்பு என்றால், 2022 பதிப்பு வரை ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபிதான் எல்லை. பழைய கடைகளில் ஸ்கேன் செய்த பில் படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டிருப்பார்கள், அது நிறைந்திருக்கும். பாஸ்வேர்டை வாடிக்கையாளரே தட்டட்டும். ஓடிபி-யை வாய் திறந்து கேட்கவே கூடாது.

அவசரத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை, பின்னாலிருந்து டேட்டாபேஸில் ஒரு வரி எழுதித் தொகையைச் சரிசெய்துவிடுவது. செய்யாதீர்கள். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள் 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிவு செய்யும் எடிட் லாக் உள்ள மென்பொருளையே பயன்படுத்த வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது. பின்வாசல் திருத்தம் அந்தப் பதிவில் விழாது. ஆடிட்டர் கேட்கும்போது பதில் சொல்ல முடியாமல் நிற்பது அந்தக் கடையின் அக்கவுண்டன்ட். பத்து நிமிடம் கூடுதலாக ஆனாலும் திரை வழியாகவே, அவர் லாகினிலேயே, அவர் பார்க்கத் திருத்துங்கள்.

டெவலப்பருக்குப் போகும் டிக்கெட்டில் (பிழைப் பதிவில்) "ரிட்டர்ன் டேக்ஸ் தப்பு" என்று எழுதினால் அது மூன்று நாள் கழித்து "எங்களிடம் சரியாக வருகிறது" என்று திரும்பி வரும். பதிப்பு எண், மூல பில்லின் தேதி, ரிட்டர்ன் போட்ட தேதி, ஐட்டம் மாஸ்டரில் இருக்கும் விகிதங்கள், அழுத்திய பட்டன்களின் வரிசை, வர வேண்டிய தொகை ரூ.216, வந்த தொகை ரூ.90 என்று எழுதினால் அன்று மாலையே காரணம் தெரிந்துவிடும்.

சோதிப்பதற்காக வாடிக்கையாளரின் டேட்டாவை நம் கணினிக்கு நகல் எடுத்திருந்தால் அதில் அவருடைய வாங்கும் விலை, விற்கும் விலை, யார் எவ்வளவு பாக்கி என்பது எல்லாம் இருக்கும். அவருடைய போட்டியாளரும் நம் வாடிக்கையாளராக இருக்கலாம். டிக்கெட் மூடும் அன்றே அந்த நகலை அழித்துவிட்டு, அழித்த நேரத்தை டிக்கெட்டின் கடைசி வரியாக எழுதுங்கள்.