தோன்றாத் துணை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரருக்கு அம்மா பட்டிருந்த கடன் 2011-ஆம் ஆண்டுக் கடன். டிசம்பர் 30 விடியற்காலை, தானே புயல் எங்கள் தலைக்கு மேலேயே கரையைக் கடந்துகொண்டிருந்தது. முந்தின இரவு பண்ருட்டியிலிருந்து கிளம்பிய அண்ணன் வந்து சேரவில்லை. மின்சாரம் போய், செல்போனும் செத்துவிட்டது. பின்கட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க, அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, அப்பர் கடலில் பாடிய ‘சொற்றுணை வேதியன்’ பதிகத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். பத்துப் பாட்டும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. மதியம், விழுந்து கிடந்த முந்திரியையும் பலாவையும் தாண்டித் தாண்டி அண்ணன் நடந்தே வந்தான். கால் நிறையச் சேறு, உடம்பில் ஒரு கீறல் இல்லை.

கரையேறவிட்ட குப்பத்தில் நின்று பதிகம் பாடி, அங்கிருந்து கால்நடையாகத் திருப்பாதிரிப்புலியூர் சந்நிதிக்கு வருகிறேன் என்பது வேண்டுதல். அண்ணன் துபாய் போனான், அப்பா போய்ச் சேர்ந்தார், அம்மாவின் முழங்கால் போயிற்று. இந்தச் சித்திரையில் அம்மா பிடிவாதமாகக் கிளம்பிவிட்டாள். அனுஷத்தன்று அப்பர் கரையேறும் விழா நடக்கும். அந்த நெரிசல் ஆகாது என்று நான்தான் பிரதோஷ நாளைத் தேர்ந்தெடுத்தேன். அதைவிடப் பெரிய முட்டாள்தனம் வேறில்லை.

வண்டிப்பாளையம் வரை ஆட்டோ. போகும் தூரத்துக்கும் கேட்ட காசுக்கும் சம்பந்தமே இல்லை. பேரம் பேச வாயெடுத்தால், சாமி காரியத்துக்குப் போகும்போது கணக்குப் பார்க்காதே என்று அம்மா அடக்கிவிட்டாள். ஆட்டோக்காரர் அதை வெகுவாக ஆமோதித்தார்.

கல்லில் கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர், அந்தக் கல்லே தெப்பமாகி வந்து ஒதுங்கிய இடம் இது. ஆனால் கரையேறியது எந்த ஊர் என்பதை யோசித்தால்தான் எனக்குச் சிலிர்க்கிறது. தருமசேனர் என்ற பெயரோடு அவர் சமணப் பள்ளிக்குத் தலைவராக இருந்தது அன்று பாடலிபுத்திரம் என்று பெயர் கொண்டிருந்த இதே ஊரில்தான். சூலை நோய் தாங்காமல், இரவோடு இரவாக அக்கா திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்குப் போனதும் இங்கிருந்துதான். விட்டு ஓடிய ஊருக்கே கடல் அவரைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் கடலூர் என்றதும் செயின்ட் டேவிட் கோட்டையைக் கேட்கிறார்கள். வெள்ளைக்காரன் அதை வாங்கியது 1690-இல். பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை தனதென்று வளைத்துக்கொண்டான். அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 458-இல், இங்கே சமணர்கள் உலக அமைப்பைச் சொல்லும் ‘லோகவிபாகம்’ என்ற நூலை எழுதி முடித்திருந்தார்கள். கோட்டை இடிந்துவிட்டது. பாட்டு அடுப்படிவரை வந்திருக்கிறது.

குப்பத்தில் அம்மா கையைக் கூப்பிக்கொண்டு பத்துப் பாட்டையும் வாய்க்குள்ளேயே பாடினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு நடை. இருபது அடிக்கு ஒரு நிழல் தேடி நின்று, வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மோர் வாங்கிக் குடித்து, சம்பந்தர் பாடிய ‘முடக்கால் முயற்கு’, அந்த நொண்டி முயலுக்கு, அருளியவர் என் கால்களையும் பார்க்கட்டும் என்று சிரித்துக்கொண்டே வந்தாள். நான் சிரிக்கவில்லை. அவளுடைய வலது கால் வீங்கியிருந்தது.

சந்நிதித் தெருவில் அருகம்புல்லும் வில்வமும் விற்பவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். யாரென்றே தெரியாத ஒருவர், பணம் கொடுத்தால் நேராக உள்ளே கொண்டுபோய் நிறுத்துகிறேன் என்றார். மறுத்ததும் அம்மாவின் காலைக் காட்டி என்னைக் குற்றவாளியாக்கப் பார்த்தார். உள்ளே நந்தியைச் சுற்றி எள் விழ இடமில்லை. முன்னால் நின்றவர் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்; அபிஷேகத்தை நான் அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தேன்.

திரை விலகித் தீபாராதனை ஆனது. ஓதுவார் பைரவியில் ‘ஈன்றாளுமாய்’ என்று எடுத்தார். கரையேறியதும் அப்பர் இந்தச் சந்நிதியில் பாடியது. ‘எனக்கு எந்தையுமாய்’ என்று அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில், என் பக்கத்திலிருந்து ஒரு குரல் அடுத்த சொல்லைப் பிடித்தது. அம்மா. அப்பா போனபிறகு வீட்டில்கூட வாய்விட்டுப் பாடாதவள். ஓதுவார் திரும்பிப் பார்த்தார், நிறுத்திவிட்டார், கையிலிருந்த தாளத்தை மட்டும் மெல்லத் தட்டினார். ‘தோன்றாத் துணையாய்’ வந்தபோது குரல் உடைந்தது. காற்றுத்தான் வந்தது, சொல் வரவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. எதிரே தீபத்தில் லிங்கத் திருமேனி மீது பூசிய விபூதி ஒரு பக்கம் வியர்த்ததுபோல் ஈரமாக இருந்தது. வில்வ இலை ஒன்று வழுக்கி வழுக்கி ஆவுடையாரில் விழுந்தது. அந்த இலை விழுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வேண்டிக்கொள்ள வந்தேனோ, ஒன்றும் நினைவில்லை. அப்பனே, அவ்வளவு காற்றில் என் அண்ணனை எப்படி நடத்திக் கூட்டி வந்தாய்? பின்னாலிருந்து நகரச் சொல்லி முதுகில் குத்தினார்கள். குத்தட்டும்.

பெரியநாயகியைத் தரிசித்து வந்து பிராகாரத்தில் உட்கார்ந்தோம். இந்தக் கோயிலில் அம்பாள்தான் பள்ளியறைக்கு சுவாமியைத் தேடி வருகிறாள், என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது என்று அம்மா தன் கல்யாணக் கதையை ஆரம்பித்தாள். தொன்னையில் கொடுத்த தயிர்சாதத்தில் பாதியை எனக்குத் தள்ளினாள்.

அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். கடன் தீர்ந்தது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நீ இங்கேயே வந்துவிட்டால் இன்னொரு தடவை நடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன் என்றாள். நான் அவளுடைய காலைப் பார்த்தேன். அவள் கோபுரத்தைப் பார்த்தாள்.