சித்தி என்று சொன்னால் போதாது

இலங்கைப் போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளை உறவினர் பொறுப்பெடுப்பது எப்படி என்று அண்மையில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விசயம் இல்லை இது. 2009இல் என் அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேருக்காக நான் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியதை எழுதி வைத்தால் வேறு சிலருக்கும் பயன்படும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். பெரியவன், சின்னவள் என்றே சொல்கிறேன்.

அக்கா குடும்பம் புதுக்குடியிருப்பில் இருந்தது. நான் கலியாணம் முடித்து வவுனியாவுக்கு வந்தவள். 2009 ஏப்ரலில் புதுமாத்தளனில் செல் (எறிகணை) விழுந்து அக்கா போய்விட்டா. அத்தான் மே மாதம் வட்டுவாகல் பக்கத்தால் வந்தபோது இராணுவத்திடம் போனவர், அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. பெரியவனுக்கு அப்போது 16 வயது. கடைசி மாதங்களில் இயக்கம் (விடுதலைப் புலிகள்) அவனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில கிழமைகள் வைத்திருந்தது. "ஒரு நாள் இருந்தவர்கள் என்றாலும் வந்து பதியுங்கள்" என்று ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவன் போய்ப் பதிந்துவிட்டான். ஒன்பது வயதுச் சின்னவள் அயல்வீட்டுக் குடும்பத்தோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் போய்ச் சேர்ந்தாள்.

மெனிக் பாமில் அந்த நேரம் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம். இராமநாதன், ஆனந்த குமாரசுவாமி, அருணாசலம், கதிர்காமர் என்று வலயம் வலயமாகப் பிரித்திருந்தார்கள். ஒரு வலயத்தில் இருப்பவருக்கு அடுத்த வலயத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. முதலில் வெளியே விடப்பட்டவர்கள் வயதானவர்கள். அவர்களில் ஒரு ஆச்சி சொல்லித்தான் பிள்ளை எந்த வலயத்தில் என்று தெரிந்தது. முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பேச விட்டார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், இனிக் கேட்டுக் கூட்டிக்கொண்டு வருவதுதானே என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. பாதையில் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் அந்த அயல்வீட்டு அம்மா சின்னவளைத் தன் பிள்ளை என்று பதிந்திருந்தார். குடும்ப அட்டையில் அவள் பெயருக்குப் பின்னால் அவர்களுடைய தகப்பன் பெயர். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் அப்படிச் செய்யாவிட்டால் பிள்ளை எங்கே போயிருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் கடதாசியின்படி அவளுக்குத் தாயும் தகப்பனும் உயிரோடு இருந்தார்கள். நான் யாரோ வெளியாள்.

இதை மாற்ற அந்த அம்மாவே வாக்குமூலம் கொடுக்க வேண்டும். பொய்யான தகவல் கொடுத்ததாகப் பிடித்துவிடுவார்களோ என்று அவர் பயந்தார். நிவாரணம் குறைந்துவிடும் என்ற யோசனையும் இருந்திருக்கும். அதைவிட, செல்லுக்குள்ளே தூக்கிக்கொண்டு ஓடி வந்த பிள்ளையை விட அவருக்கு மனம் வரவில்லை. "நீங்கள் ரத்த உறவுதான் தங்கச்சி, ஆனால் அவள் இரவில் எழும்பி அழும்போது பக்கத்தில் படுத்திருப்பது நான்" என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. கடைசியில் நன்னடத்தை உத்தியோகத்தர்தான் அவரோடு இருந்து கதைத்தார். பிள்ளையைக் காப்பாற்றச் செய்ததற்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்று விளங்கப்படுத்தி, அவர் சொன்னபடியே எழுதிக் கையொப்பம் வாங்கினார். சின்னவள் இன்றைக்கும் அந்த அம்மாவைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

இந்த உத்தியோகத்தரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரிடம் போவது என்பதிலேயே பலருக்குக் காலம் போய்விடுகிறது. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கடிதம் வாங்கலாம், அது தேவையும்கூட. ஆனால் தனித்துப் போன பிள்ளையின் பொறுப்பைத் தீர்மானிப்பது நீதவான். அவருக்கு அறிக்கை கொடுப்பது நன்னடத்தை சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தர். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஒருவரும் இருப்பார். முதலில் இவர்களிடம் போங்கள். முகாமில் யாரையாவது பிடித்துக் காசு கொடுத்துப் பிள்ளையை வெளியே எடுக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படி வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பதியவோ, ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைக்கவோ ஒருவருக்கும் உரிமை இருக்காது.

உத்தியோகத்தர் என்னிடம் கேட்ட கேள்விகள் முதலில் கோபத்தைத்தான் தந்தன. வீட்டில் எத்தனை அறை, யார் யார் படுப்பது, கணவருக்கு என்ன வருமானம், குடிப்பாரா, எனக்குப் பிள்ளை இருக்கிறதா. வீட்டுக்கு வந்து மலசலகூடம்வரை பார்த்தார். பக்கத்து வீட்டிலும் விசாரித்தார். சின்னவளிடம் என்னை வெளியே நிற்கவைத்துவிட்டுத் தனியாகக் கதைத்தார். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நான்தான் சித்தி என்று யாரும் வந்து நிற்கலாம். வேலைக்கு வைக்க ஒரு சிறுமி வேண்டும் என்று நினைப்பவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார். அந்தச் சந்தேகம் பிள்ளைக்கு நல்லது.

ஒரு இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. விசாரணை முடியும்வரை பிள்ளையை ஒரு சிறுவர் இல்லத்தில் விடலாம், அங்கே படிப்பும் சாப்பாடும் நன்றாக இருக்கும் என்று வேறொரு அதிகாரி சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வடக்கில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ நெருங்கிய உறவோ உயிரோடு இருக்கிறது. வறுமையாலோ, கடதாசி இல்லாததாலோ 'கொஞ்ச நாளைக்கு' என்று விடப்பட்டவர்கள் அங்கேயே வளர்ந்துவிடுகிறார்கள். 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டமே உறவினராகவோ மற்றவராகவோ இருக்கக்கூடிய 'தகுந்த ஆள்' ஒருவரிடம் பிள்ளையை ஒப்படைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இதை ஒரு சட்டத்தரணி எனக்குச் சொல்லித் தந்திருந்தார். 'தகுந்த ஆள் கட்டளைக்கு விண்ணப்பிக்கிறேன்' என்று பெயர் சொல்லிக் கேட்டபிறகு கதையின் போக்கே மாறியது.

உறவை நிரூபிக்க வேண்டியது நாலு சான்றிதழ்: என் பிறப்புச் சான்றிதழ், அக்காவுடையது, அக்காவின் விவாகச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். முதல் இரண்டிலும் ஒரே தாய் தகப்பன், பிள்ளையுடையதில் தாயாக அக்கா. ஒரு கண்ணி விட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். என்னுடையது மட்டும்தான் கையில் இருந்தது. மற்றவை பதுங்குகுழிகளோடு போய்விட்டன. முல்லைத்தீவுப் பதிவேடுகளின் நிலையும் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் பிறப்புப் பதிவுகளுக்கு இரண்டாம் பிரதி ஒன்று கொழும்பில் பதிவாளர் நாயகத்தின் பதிவறைக்குப் போயிருக்கும். பிறந்த திகதியும் பதிவுப் பிரிவும் தெரிந்தால் தேடி எடுக்கலாம். சின்னவளுக்குத் தன் பிறந்தநாள் தெரியும், ஆண்டு தெரியாது. அவளுடைய பள்ளி அதிபர் அதே முகாமில் வேறு வலயத்தில் இருந்தார். இடாப்பு எதுவும் இல்லாவிட்டாலும் அவள் எந்த வகுப்பு, எந்த ஆண்டு சேர்ந்தவள் என்று நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தார். அதை வைத்துத்தான் தேடினார்கள். சான்றிதழ் வந்தபோது அக்காவின் பெயரில் ஒரு எழுத்து பிழை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி முடித்தோம். பெயர்ப் பிழை எல்லோருக்கும் வரும், பயப்பட வேண்டாம்.

நீதிமன்றத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. நீதவான் தன் அறையில் வைத்துச் சின்னவளிடம் "யாரோடு இருக்க விருப்பம்?" என்று கேட்டார். அவள் "அண்ணா வாற இடத்தில்" என்றாள். கட்டளை என் பெயருக்கு வந்தது. நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வை தொடரும் என்றும் சொன்னார்கள்.

அண்ணாவின் பாதை வேறு. இயக்கத்தில் இருந்ததாகப் பதிந்த 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து, நீதிமன்றக் கட்டளையோடு ஒரு வருடப் புனர்வாழ்வுக்கு அனுப்பினார்கள். மொத்தம் 594 பிள்ளைகள். அம்பேபுஸ்ஸவில் ஒரு நிலையம் இருந்தது, பிறகு படிக்க விரும்பியவர்களை இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு மாற்றினார்கள். பெரியவனைப் பார்க்க அங்கேதான் போவோம். படிப்பு நடந்தது, சாப்பாடு கிடைத்தது, அடிக்கவில்லை என்று அவனே சொன்னான். ஆனால் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போகப்பட்ட பெடியனுக்கு எதிலிருந்து புனர்வாழ்வு என்ற கேள்வி எனக்கு இன்றும் போகவில்லை. 2010 மே மாதத்துக்குள் எல்லாப் பிள்ளைகளையும் விட்டுவிட்டார்கள். தங்கையின் கட்டளை என் பெயரில் ஏற்கனவே இருந்ததால், அவனைப் பொறுப்பெடுக்கும்போது என்னிடம் அதிகம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகுதான் அவனுக்குப் பாதுகாப்புத் தேவைப்பட்டது. அடிக்கடி யாராவது வந்து அதே விவரங்களைக் கேட்பார்கள். எந்தப் படையணி, யார் பிடித்தது, என்ன ஆயுதம். கேட்டுப் போன அன்றிரவு அவன் சாப்பிட மாட்டான். விடுதலைப் பத்திரத்தையும் கட்டளையையும் பல பிரதிகள் எடுத்து, வருபவர்களின் கையில் கொடுப்பேன். பெயர், பதவி, வந்த நேரம் மூன்றையும் அவர்கள் முன்னாலேயே ஒரு கொப்பியில் எழுதுவேன். வருகை குறைந்தது. உளவளத்துணைக்குப் போனபோதும் நிபந்தனையாக ஒன்று கேட்டேன்: ஒரே ஆளிடம்தான் கதைப்பான், ஒவ்வொரு முறையும் புதியவர் வந்து ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொல்லக்கூடாது. ஒத்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடம் சேர்த்ததில் சின்னவளுக்குப் பிரச்சினை இல்லை. பெரியவனை எடுக்க ஒரு பள்ளியில் தயங்கினார்கள், மற்றப் பிள்ளைகள் கெட்டுவிடுவார்களாம். வேறொரு அதிபர் மறுபேச்சில்லாமல் எடுத்து, அடையாள அட்டை விண்ணப்பத்தையும் தானே உறுதிப்படுத்தி அனுப்பினார். ஓ.எல். பரீட்சைக்கு அது இல்லாமல் முடியாது. அவன் கணிதத்தில் தவறிவிட்டான். அப்புறம் மோட்டார் திருத்தும் பயிற்சிக்குப் போனான். 2012இல் ஊரில் பாதிப் பெடியள் அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏறிக்கொண்டிருந்தார்கள், அவனையும் அனுப்பச் சொல்லி ஒரு முகவர் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு தொழில் இருந்ததால்தான் அவன் அதைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

மிச்சம் அத்தானின் விசயம். வவுனியாவில் 2009 டிசம்பரில் யுனிசெப் உதவியோடு தொடங்கிய, குடும்பங்களைத் தேடி இணைக்கும் பிரிவில் பதிந்தேன். 2011 நடுப்பகுதியில் அங்கே 2,564 பேரைத் தேடி விண்ணப்பங்கள் இருந்தன. அவர்களில் 676 பேர் பிள்ளைகள். அத்தானைப் பற்றி ஒன்றும் வரவில்லை. காணாமற்போனவருக்கு உடல் இல்லாமலே இறப்புச் சான்றிதழ் எடுக்க 2010இன் 19ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. அது இருந்தால் சில உதவிகள் கிடைக்கும் என்று எல்லோரும் எடுக்கச் சொன்னார்கள். பெரியவன் ஒரே சொல்லில் மாட்டேன் என்றான், நானும் வற்புறுத்தவில்லை. 2016இல், இறந்துவிட்டார் என்று சொல்லாமல் ஆள் இல்லை என்பதை மட்டும் பதியும் சான்றிதழ் சட்டத்தில் வந்தது. அதற்கு அவன் சம்மதித்தான். சின்னவள்தான் அந்த நேரம் சண்டை பிடித்தாள், அப்பா இல்லை என்று எழுதித்தான் உதவி வாங்க வேண்டுமா என்று. இரண்டு மாதம் விண்ணப்பம் மேசையிலேயே கிடந்தது. பிறகு அவளே நிரப்பினாள், தொழில் என்ற இடத்தில் 'விவசாயி' என்று எழுதிவிட்டு, அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் வயல் இருந்தது என்று அண்ணனைக் கேட்டாள். படிவத்தில் அதற்கு இடமே இல்லை.