மூன்றாவதாக வரும் சியென்-பாவ்

போக்கிமான் ஸ்கார்லெட், வயலெட் விளையாட்டுகளில் டபுள்ஸ் (ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு போக்கிமான்கள் களத்தில் நிற்க, மற்றவை வெளியே காத்திருக்கும் ஆட்டம்) ஆடத் தொடங்கியபோது நான் முதலில் தேர்ந்தெடுத்த தாக்குநர் சியென்-பாவ். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, விதிமுறை அனுமதித்த ஒவ்வொரு பருவத்திலும் அது என் அணியில் இருந்திருக்கிறது. இவ்வளவு காலத்தில் அதைப் பற்றி நான் மெதுவாகக் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்: சியென்-பாவைக் களத்தில் முதல் இருவரில் ஒன்றாக இறக்குவதைவிட, மூன்றாவதாக இறக்குவதே பெரும்பாலான ஆட்டங்களில் சரி.

பால்டேயா நிலப்பரப்பில் பூட்டப்பட்ட நான்கு ஆலயங்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் நான்கு போக்கிமான்களில் ஒன்று அது. பனிச்சிறுத்தையின் உடலும், உடைந்த வாளின் துண்டுகளே கோரைப்பற்களாக அமைந்த முகமும் கொண்டது. டார்க், ஐஸ் என்னும் இரு வகைகளைச் சேர்ந்தது. அடிப்படை வேகம் 135, அடிப்படைத் தாக்குவலிமை 120. போட்டிகளில் எல்லாப் போக்கிமான்களும் 50ஆம் லெவலுக்குக் கொண்டுவரப்படுவதால், முழுப் பயிற்சியும் வேகத்தைக் கூட்டும் ஜாலி இயல்பும் கொடுத்தால் அதன் வேகம் 205, தாக்குவலிமை 172. அடமன்ட் இயல்பு கொடுத்தால் தாக்குவலிமை 189 ஆக உயரும். ஆனால் வேகம் 187க்கு இறங்கிவிடும். நான் ஒருபோதும் அடமன்ட் கொடுப்பதில்லை. ஃப்ளட்டர் மேன், கொராய்டான், மிராய்டான் என்ற போக்கிமான்கள் மூன்றுக்கும் அடிப்படை வேகம் இதே 135தான். அவற்றோடு சமமாக நின்று யார் முந்துவது என்பதைக் குலுக்கலுக்கு விடுவதே கசப்பானது. அப்படியிருக்க, அந்தக் குலுக்கலில்கூட இடமில்லாமல் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனால் இந்த எண்கள் மட்டுமே அதை அச்சுறுத்தலாக ஆக்கிவிடவில்லை. சோர்ட் ஆஃப் ரூயின் என்ற அதன் எபிலிட்டி (தானாகவே வேலை செய்யும் திறன்), அது களத்தில் நிற்கும் வரை, அதே எபிலிட்டி இல்லாத மற்ற எல்லாருடைய டிஃபன்ஸையும் கால் பங்கு குறைத்துவிடும். இதன் பொருள் என்ன என்பதை ஒரே ஒரு கணக்கில் பார்க்கலாம். பயிற்சி எதையும் ஹெச்பியிலோ (உயிர்ப்புள்ளிகள்) டிஃபன்ஸிலோ போடாத ஃப்ளட்டர் மேனின் ஹெச்பி 130, டிஃபன்ஸ் 75. இந்த எபிலிட்டி இல்லாத, 172 தாக்குவலிமையுள்ள வேறொரு ஐஸ் வகைப் போக்கிமான் ஐசிகிள் கிராஷ் என்ற மூவால் (தாக்குதலால்) அதை அடித்தால் சேதம் 109 முதல் 130 வரை. அதாவது பதினாறில் ஒரு வாய்ப்பில் மட்டுமே வீழும். சியென்-பாவ் அடிக்கும்போது அதே சேதம் 147 முதல் 174 வரை. தப்புவதற்கு வழியே இல்லை. ஒரே மூவ், ஒரே தாக்குவலிமை. இருந்தும் ஒன்று வேண்டுதல், மற்றொன்று உறுதி.

இந்த உறுதியைப் பார்த்துத்தான் நான் தொடக்கத்தில் ஏமாந்தேன். முதல் சுற்றிலேயே எதிராளியின் இருவரில் ஒருவரை வீழ்த்திவிட்டால், அவருடைய செயல்களில் பாதி போய்விடும். அதன்பின் ஆட்டம் இரண்டுக்கு ஒன்று. டபுள்ஸில் வேகமான தாக்குநரின் கவர்ச்சி முழுவதும் இந்த எண்ணத்தில்தான் இருக்கிறது. அந்த எண்ணம் தவறு அல்ல. ஆனால் அது நடக்க வேண்டுமானால், அடிக்கிற போக்கிமான் அந்தச் சுற்றில் தடையின்றி அடிக்க வேண்டும்.

2024இன் தொடக்கத்தில், சில நண்பர்கள் கூடி நடத்திய ஒரு சிறு போட்டியில் எனக்கு இது உறைத்தது. இண்டிகோ டிஸ்க் என்ற கூடுதல் பகுதி 2023 டிசம்பரில் வெளிவந்து, அதோடு இன்சினரோர் என்ற போக்கிமானும் திரும்பியிருந்த நேரம் அது. நான் சியென்-பாவையும் டொர்னாடஸையும் முன்னால் நிறுத்தினேன். எதிரே இன்சினரோரும் ஃப்ளட்டர் மேனும். இன்சினரோர் களத்தில் கால் வைத்த நொடியிலேயே எதிரே நிற்பவரின் தாக்குவலிமையைக் குறைக்கும் அதன் இன்டிமிடேட் எபிலிட்டி வேலை செய்து, சியென்-பாவின் தாக்குவலிமை 172இலிருந்து 114க்கு இறங்கியது. 114இல் அடித்தால் அதே ஃப்ளட்டர் மேனுக்கு விழும் சேதம் 99 முதல் 117 வரைதான். 130ஐ அது தொடாது. அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தும், கையிலிருந்த நாற்பத்தைந்து நொடியில் பழக்கம் முந்திக்கொண்டது. ஃப்ளட்டர் மேனைக் குறிவைத்து ஐசிகிள் கிராஷை அழுத்தினேன். இன்சினரோரின் ஃபேக் அவுட் முதலில் வந்து சியென்-பாவை அந்தச் சுற்று அசைய விடாமல் செய்தது மட்டுமல்ல, ஒற்றை அடியில் வீழாமல் ஒரு ஹெச்பியில் நிறுத்தும் ஃபோகஸ் சாஷ் என்ற பொருளுக்குத் தேவையான முழு ஹெச்பியையும் கெடுத்துவிட்டது. அடுத்து ஃப்ளட்டர் மேனின் மூன்பிளாஸ்ட். டார்க் வகைக்கு ஃபேரி தாக்குதல் இரட்டைச் சேதம் என்பதால், என் முதன்மைத் தாக்குநர் ஒரு அடிகூட அடிக்காமல் கீழே விழுந்தது. என் பக்கத்தின் வேகத்தை இரட்டிப்பாக்க டொர்னாடஸ் போட்ட டெயில்விண்ட் மட்டும் பயன்படுத்த ஆளில்லாமல் வீசிக்கொண்டிருந்தது.

அன்று இரவு அந்த ஆட்டத்தின் பதிவைப் பலமுறை பார்த்தேன். இன்சினரோரின் இரண்டு ஆயுதங்களுமே அது களத்துக்குள் நுழையும் வேளையைச் சார்ந்தவை என்பது அப்போதுதான் எனக்குத் தெளிவாகப் பட்டது. இன்டிமிடேட் அது நுழையும்போது எதிரே நிற்பவரை மட்டுமே பாதிக்கும். அதற்குப் பிறகு வருகிறவரைத் தொடாது. ஃபேக் அவுட் நுழைந்த முதல் சுற்றில் மட்டுமே பலிக்கும். ஆகவே, இன்சினரோர் வந்து, தன் ஃபேக் அவுட்டைச் செலவழித்து, களத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது, என் முன்வரிசையில் ஒன்று வீழ்ந்து அந்த இடத்தில் சியென்-பாவ் வருமானால், அது 172 தாக்குவலிமையோடும், முழு ஹெச்பியோடும், உடையாத சாஷோடும் வருகிறது. வீழ்ந்த இடத்தை நிரப்ப வருவதால் நுழையும்போது யாருடைய அடியையும் அது வாங்குவதில்லை. முன்வரிசையில் நிறுத்தினால் நான் பெறவே முடியாத நிலை இது.

இதற்காக முன்வரிசையில் ஒன்றை நான் இழக்கத் தயாராக இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படி இழக்கத் தகுந்தது, போவதற்கு முன் தன் வேலையை முடித்திருக்க வேண்டும். எனக்கு அது பெரும்பாலும் அமூங்கஸ்: ரேஜ் பவுடரால் அடிகளைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, ஸ்போரால் ஒருவரைத் தூங்க வைத்துவிட்டு அது வீழ்ந்தால், சியென்-பாவுக்கு எதிரே விழித்திருப்பது ஒருவர்தான். டொர்னாடஸும் அதே வேலையை வேறு விதமாகச் செய்யும். டெயில்விண்ட் போடும் சுற்றையும் சேர்த்து நான்கு சுற்றுகள் நீடிக்கும் என்பதால், போட்ட சுற்றிலேயே டொர்னாடஸ் வீழ்ந்தாலும் சியென்-பாவுக்கு மூன்று சுற்றுகள் 410 வேகத்தில் மிஞ்சும்.

மூன்றாவதாக வருவதில் இன்னொரு லாபமும் உண்டு. அதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். சோர்ட் ஆஃப் ரூயின் நண்பன், பகைவன் என்று பார்ப்பதில்லை. அருகில் நிற்கும் என் துணையின் டிஃபன்ஸும் கால் பங்கு குறையும். தொடக்கத்திலிருந்தே சியென்-பாவை அமூங்கஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினால், எதிரே நிற்கும் உர்ஷிஃபு என்ற தாக்குநருக்கு நானே வேலையை எளிதாக்கிக் கொடுக்கிறேன். தாங்கிப் பிடிக்க வேண்டியது முதலில் தனியாகத் தாங்கட்டும், அதன் பிறகு வாள் வரட்டும் என்ற முறை இங்கே பொருந்துகிறது. தாங்குவதற்கென்று இல்லாத துணையோடு சேர்த்து நிறுத்துவது வேறு கணக்கு. டிராகோனைட் அப்படிப்பட்டது. நார்மல் வகைக்கு டெராஸ்டலைஸ் ஆகி (ஆட்டத்தின் நடுவே வகையை மாற்றி), தாக்குவலிமையைக் கூட்டும் சாய்ஸ் பேண்டோடு அது பாய்ச்சும் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு, குறைந்துபோன டிஃபன்ஸின்மேல் விழும்போது, அதைத் தாங்குகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எதிராளியின் அணியில் இன்டிமிடேட் இல்லை, நார்மல் அடி தொடாத கோஸ்ட் வகையும் இல்லை என்றால் மட்டும் இந்த இருவரையும் முன்னால் நிறுத்துகிறேன். அப்படிப்பட்ட அணிகள் அதிகம் கிடைப்பதில்லை.

இன்டிமிடேட்டுக்கு மருந்தாகக் கிளியர் அம்யூலட்டைக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அதைக் கொடுத்தால் தாக்குவலிமை இறங்காது என்பது உண்மைதான். ஆனால் 80 என்ற அடிப்படை டிஃபன்ஸும், 65 என்ற அடிப்படை ஸ்பெஷல் டிஃபன்ஸும் கொண்ட இந்த உடலுக்குச் சாஷ் இல்லாமல் வாழ்க்கை இல்லை. ஃபைட்டிங் தாக்குதல் நான்கு மடங்கு. ஃபயர், ராக், ஸ்டீல், பக், ஃபேரி ஐந்தும் இரண்டு மடங்கு. அம்யூலட்டோடு ஒரு மாதம் ஆடிப்பார்த்தேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு சுற்று முன்னதாகவே அதை இழந்தேன். இன்டிமிடேட்டை வரும் நேரத்தால் வெல்லலாம். ஒற்றை அடியில் வீழ்வதைத் தடுக்கச் சாஷைத் தவிர எனக்கு வேறு நல்ல வழி தெரியவில்லை.

மூவ்களில், அந்தச் சுற்றின் அடிகளைத் தடுக்கும் ப்ரொடெக்டும், முந்தி அடிக்கும் சக்கர் பஞ்சும் என்னிடம் மாறாதவை. ஐஸ் வகைக்கு ஐசிகிள் கிராஷா, ஐஸ் ஸ்பின்னரா என்பதில்தான் நெடுநாள் அலைந்தேன். கிராஷின் வலிமை 85. பத்தில் ஒருமுறை தவறும். பட்டால் பத்தில் மூன்று முறை எதிரியை அசைய விடாது. ஸ்பின்னரின் வலிமை 80, தவறாது, டெரெயினையும் (களத்தின் தரையில் பரவும் விளைவு) அழிக்கும். மேலே சொன்ன ஃப்ளட்டர் மேனை ஸ்பின்னர் 139 முதல் 165 வரை அடிக்கிறது என்பதால் அங்கே வலிமையில் குறை ஒன்றுமில்லை. இன்டீடீ என்ற போக்கிமான் போடும் சைக்கிக் டெரெயின், தரையில் நிற்பவர்களைச் சக்கர் பஞ்ச் போன்ற முந்தும் மூவ்களிலிருந்து காக்கும். ஸ்பின்னரால் ஒருமுறை அடித்து அந்த டெரெயினைத் துடைத்துவிட்டால், அடுத்த சுற்றிலிருந்து சக்கர் பஞ்சுக்கு வழி திறந்துவிடும். இதனால் ஸ்பின்னரே சிறந்தது என்று முடிவு செய்திருந்தேன். பிறகு ஒரு நாள், சாஷ் காப்பாற்றி ஒரே ஒரு ஹெச்பியில் நின்ற சியென்-பாவ், தொட்டு அடிப்பவரைக் காயப்படுத்தும் ராக்கி ஹெல்மெட் அணிந்த அமூங்கஸை ஸ்பின்னரால் தொட்டு அடித்து, அந்தத் தொடுதலாலேயே வீழ்ந்தது. ஐசிகிள் கிராஷ் தொடாமல் அடிப்பது. ஒரு ஹெச்பியில் நின்று ஆட வேண்டிய போக்கிமானுக்கு இது சின்ன வேறுபாடு இல்லை. இருந்தும் இன்று என் அணியில் ஸ்பின்னர்தான் இருக்கிறது. பத்தில் ஒரு தவறு, ஹெல்மெட்டைவிட அதிக ஆட்டங்களை என்னிடமிருந்து பறித்திருக்கிறது.

ப்ரொடெக்டைப் பற்றி ஒரு சொல். வேகமான தாக்குநருக்கு அது வீண் என்று எண்ணியிருந்த காலம் எனக்கும் உண்டு. சியென்-பாவ் வந்த சுற்றில் எதிராளி இருவரையும் அதன்மேல் ஏவுவார், ஏனென்றால் அதை விட்டுவைக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். அந்தச் சுற்றில் ப்ரொடெக்ட் செய்தால் இரண்டு தாக்குதல்கள் காற்றில் போகின்றன. என் துணை தடையில்லாமல் ஒரு காரியத்தை முடிக்கிறது. மெதுவானவரை முதலில் ஆடவிடும் ட்ரிக் ரூம் விழுந்துவிட்டால் 205 வேகம் கடைசி இடம் என்று ஆகிவிடும். அதன்பின் மிஞ்சும் நான்கு சுற்றுகளைக் கழிப்பதற்கும் ப்ரொடெக்டும் சக்கர் பஞ்சும்தான் துணை. எதிராளி டெயில்விண்ட் போட்டிருந்தாலும் இதே நிலைதான்: 103 வேகம் உள்ள எவரும் 206 ஆகி என்னை முந்திவிடுவார்.

206 என்றதும் அயர்ன் பண்டில் நினைவுக்கு வருகிறது. அதன் அடிப்படை வேகம் 136. முழுப் பயிற்சியில் சரியாக 206. அணிப் பட்டியல்களை இருவரும் முன்கூட்டியே பரிமாறிக்கொண்டு ஆடிய ஓர் ஆட்டத்தின் முடிவில், ஒரு ஹெச்பியில் என் சியென்-பாவும், ஏறக்குறையப் பாதி ஹெச்பியில் அவருடைய அயர்ன் பண்டிலும் மட்டும் எஞ்சின. ஸ்பின்னரை அழுத்தினால் ஒரு புள்ளி வேகத்தில் அது முந்தி என்னை முடித்துவிடும். சக்கர் பஞ்ச் முந்தும்; ஆனால் எதிரி தாக்க முனைந்தால் மட்டுமே பலிக்கும். அவருடைய பட்டியலை மறுபடி பார்த்தேன். மூன்று தாக்கும் மூவ்கள், ஒரு ப்ரொடெக்ட்; செய்த மூவையே திரும்பச் செய்ய வைக்கும் என்கோர் இல்லை. ப்ரொடெக்டை அடுத்தடுத்த சுற்றில் அழுத்தினால் இரண்டாம் முறை மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில்தான் அது பலிக்கும். அப்படியானால் நான் சக்கர் பஞ்சைத் தவிர வேறு எதையும் தொட வேண்டியதில்லை. முதல் சுற்றில் அவர் ப்ரொடெக்ட் செய்தார். என் அடி வீணானது. அடுத்த சுற்றிலும் அதையே அழுத்தினேன். அவர் ஐசி விண்டைத் தேர்ந்திருந்தார். காற்று கிளம்புவதற்கு முன்பே சியென்-பாவ் பாய்ந்துவிட்டது.