கழற்றி மாட்டும் கேமரா

4×5 அங்குல ஃபிலிம் போடுகிற கேமரா ஒன்றைத் தனித்தனித் துண்டுகளாகக் கழற்றி மாட்டும்படி செய்துகொண்டிருக்கிறேன். முன்னால் லென்ஸ் சட்டம், பின்னால் ஃபிலிம் சட்டம், நடுவில் மடிப்பு மடிப்பாக நீண்டு சுருங்கும் பெல்லோஸ், எல்லாம் ஒரே தண்டில் நகரும். சுவிட்சர்லாந்தின் சினார் கேமரா 1940களின் இறுதியிலேயே இந்த வழியில் போய்விட்டது, இன்றும் அதைவிடத் தெளிவான யோசனை எனக்குத் தெரியவில்லை. 150 மி.மீ. லென்ஸில் தூரத்து மலைக்கு பெல்லோஸ் ஏறக்குறைய 150 மி.மீ. நீண்டால் போதும், ஆனால் ஒரு பூவை அதன் நிஜ அளவிலேயே எடுக்க 300 வேண்டும், அதனால் தண்டோடு இன்னொரு துண்டைத் திருகிச் சேர்க்கும்படி வைத்தேன்.

ரொம்ப வேலை வாங்கியது பின்பக்கம்தான். ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கமும், ஹோல்டருக்குள் ஃபிலிம் இருக்கும் இடமும் ஒரே ஆழத்தில், அதாவது சுமார் 5 மி.மீ.யில் இருக்க வேண்டும். அரை மி.மீ. தவறினாலும், கண்ணாடியில் கூர்மையாகத் தெரிந்த கண்ணிமை ஃபிலிமில் மங்கிவிடும். முதல் 2 ஷீட்டும் எனக்கு அப்படித்தான் போயின. அப்புறம் மெல்லிய பித்தளைத் தகடு வெட்டிக் கண்ணாடியின் ஓரத்தில் கொடுத்து, நாலு மூலையையும் வெர்னியரால் அளந்து சரி செய்தேன்.

அடுத்து 5×7. பின்சட்டமும் பெல்லோஸும் மட்டும் புதிது, முன்பக்கத்தைத் தொடப் போவதில்லை.