‘பி பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள்

போன வாரம் பாப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதைக் கையில் வாங்கிய பிறகுதான் இதை எழுதும் தெம்பே வந்தது. மாசமாக இருக்கும்போது, ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருப்பது தெரியவந்தவர்களும் அவர்கள் வீட்டுக்காரர்களும் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

பிக்மி என்கிற அரசுக் கர்ப்பப் பதிவு, ஸ்கேன் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. மூன்றாம் மாதம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ரத்தத்தில் எச்ஐவி இல்லை, சிபிலிஸ் இல்லை. ஹெபடைட்டிஸ் பி மட்டும் ‘ரியாக்டிவ்’, அதாவது இருக்கிறது. எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே கிடையாது. நான் பிறந்தபோது என் அம்மாவிடமிருந்தே வந்திருக்கலாம் என்றார் டாக்டர். பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே போய்விடுமாம். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஈரலிலேயே தங்கிவிடும். அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

மாமியார் எனக்குத் தனித் தட்டு எடுத்து வைத்துவிட்டார். கிராம சுகாதார நர்ஸ் வீட்டுக்கே வந்து, “ஏனுங்கம்மா, தட்டுல டம்ளர்ல எல்லாம் இது பரவாதுங்க. மருமகளோட ஒண்ணா உக்காந்து சாப்பிடுங்க” என்று பக்குவமாகச் சொன்ன பிறகுதான் அந்தத் தட்டு அலமாரிக்குப் போனது. வீட்டுக்காரருக்கும் பரிசோதனை செய்தோம். அவருக்கு இல்லை. உடனே தடுப்பூசியை ஆரம்பித்துவிட்டார்.

அடுத்தது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை. 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதுவும் இலவசம், மாத்திரையும் இலவசம். ஆனால் அதற்கு இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் தடவை, “இன்னைக்கு சாம்பிள் எடுக்கிற நாள் இல்ல” என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எந்த நாள் என்று கேட்டதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை பரிந்துரைக் கடிதம் இருந்தது, ஆதார் நகல் இல்லை. ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. ஆறு மாத வயிற்றோடு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மூன்றாம் தடவைதான் ரத்தம் எடுத்தார்கள். போகும் முன்பே போன் செய்து நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நகலிலும் இரண்டிரண்டு கையில் இருக்கட்டும்.

வந்த எண்ணிக்கை 41 லட்சம். 2 லட்சத்தைத் தாண்டினாலே தாய்க்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. 28-வது வாரத்திலிருந்து தினம் ஒரு டெனோஃபோவிர். நல்லவேளை, முடிவு 27-வது வாரமே வந்துவிட்டது. இன்னும் இரண்டு தடவை அலையவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவார்கள். இது எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. எங்களைப் போன்றவர்களின் குழந்தைக்கு இன்னொரு தொடையில் இம்யூனோகுளோபுலின் என்று, எதிர்ப்புச் சக்தியைத் தயாராகவே கொடுக்கும் இன்னொரு ஊசியும் போட வேண்டும். 12 மணி நேரத்துக்குள் போட்டால் நல்லது.

எனக்குச் சனிக்கிழமை ராத்திரி 9:40-க்குப் பெண் குழந்தை, சுகப்பிரசவம். தடுப்பூசி உடனே போட்டார்கள். இரண்டாவது ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுக்காரர் போய்க் கேட்டால் சிஸ்டர் அட்டையைக் காட்டுகிறார். புது அட்டைக்கு மாற்றி எழுதிய யாரோ, ‘பி பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். என் ரத்த வகையும் பி பாசிட்டிவ்தான்! பார்த்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முதல் ரிப்போர்ட்டை வீட்டுக்காரர் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ‘ரியாக்டிவ்’ என்ற வார்த்தையைப் பெரிதாக்கிக் காட்டியதும் சிஸ்டர் முகமே மாறிவிட்டது. அப்புறம் பார்த்தால் மருந்து இருக்கும் ஃபிரிட்ஜ் ஸ்டோரில், ஸ்டோர் பூட்டிக் கிடக்கிறது, விடிந்தால் ஞாயிறு. எங்கள் ஊர் நர்ஸுக்குப் போன் போட்டோம். அவர் ராத்திரி 11 மணிக்கு யார் யாரையோ எழுப்பிப் பேசினார். காலை ஏழேகாலுக்கு ஐஸ் பெட்டியில் அந்தச் சின்னக் குப்பி வந்தது. ஊசி ஏறும்போது மணி 7:30. பாப்பா வீலென்று கத்தினாள். நான் அவள் பிஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டே மணி நேரத்தை எண்ணினேன். பத்து மணி நேரம்கூட ஆகவில்லை.

அதனால் சொல்கிறேன், எட்டாம் மாதமே கேட்டுவிடுங்கள்: அந்த ஊசி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, ராத்திரியில் யார் எடுத்துத் தருவார்கள். அட்டையில் ‘ஹெபடைட்டிஸ் பி’ என்று முழுசாக, சிவப்பு மையில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

பக்கத்துப் படுக்கை அக்கா தாய்ப்பால் கொடுக்காதே என்றார். டாக்டர் தாராளமாகக் கொடு என்றார், கொடுத்தேன். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஈரல் சட்டென்று வீங்கிவிடலாம். 6, 10, 14 வாரத் தடுப்பூசியில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. மூன்று மாதத்திலேயே குழந்தைக்குப் பரிசோதனை எடுத்துவிடலாம் என்று ஒரு தனியார் லேபில் சொன்னார்கள். கேட்காதீர்கள், ஒன்பது மாதமாவது முடிய வேண்டும். இல்லையென்றால் பிறந்ததும் போட்ட இம்யூனோகுளோபுலின் ஊசியின் தாக்கமே முடிவைக் குழப்பிவிடும்.

பாப்பாவுக்குப் பத்து மாதம் முடிந்து எடுத்தோம். தொற்று இல்லை. எதிர்ப்புச் சக்தி 10-க்கு மேல் இருந்தாலே போதுமாம், அவளுக்கு 300-க்கும் மேல். காகிதத்தை மாமியாரிடம்தான் முதலில் கொடுத்தேன். வாங்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, நர்ஸம்மாவுக்குப் போன் போடச் சொன்னார்.