நிரல் எழுதுபவர் பதவி உயர்வு நேர்காணலுக்குத் தயாராவது

முதல் தடவை நான் தேறவில்லை. பொது ஆய்வு நிறுவனம் ஒன்றில் நான்கு வருடம் ஆய்வு மென்பொருள் பொறியாளராக இருந்த பிறகும், விண்ணப்பத்தில் 'முதல் ஆசிரியராக வெளியிட்ட கட்டுரைகள்' என்ற கட்டம் காலி. என் நிரலை ஓட்டிக் கட்டுரை போட்டவர்கள் நன்றியுரையில் பெயர் சேர்த்திருந்தார்கள், சிலர் அதுவும் இல்லை. "நீங்க சப்போர்ட் வேலைதானே பார்க்கிறீங்க?" என்று நேர்காணல் குழுவில் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

'ஆய்வு மென்பொருள் பொறியாளர்' என்ற பதவிப் பெயரே 2012-இல் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த ஒரு பட்டறையில் முளைத்ததுதான். பழைய விதிமுறைகளில் நமக்கென்று கட்டம் இல்லாததில் வியப்பில்லை.

அடுத்த தடவைக்கு என் நிரலின் ஒவ்வொரு ரிலீஸையும் செனோடோவில் ஏற்றி டிஓஐ, அதாவது மேற்கோள் காட்ட உதவும் நிரந்தர அடையாளக் குறி, வாங்கினேன். ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகமான செர்ன் நடத்தும் தளம், காசு கிடையாது. கிட்ஹப் தளத்தில் நிரலை வைத்திருக்கும் ரெபாசிட்டரியில், மேற்கோள் விவரம் அடங்கிய சைட்டேஷன் ஃபைல் ஒன்றும் போட்டேன். 2021 முதல் கிட்ஹப் அதைப் படித்து, எப்படி மேற்கோள் காட்டுவது என்று ஓரத்தில் காட்டிவிடுகிறது. பத்து நிமிட வேலை, நான் நான்கு வருடம் செய்யாமல் இருந்தது.

ஆனால் உண்மையில் கைகொடுத்தது வேலைக் குறிப்பேடுதான். வெள்ளிக்கிழமைதோறும் நாலு வரி. ஒரு வாரம் இப்படி எழுதியிருந்தேன்: 'தரவு படிக்கும் லூப்பை மாற்றினேன். 9 மணி நேர ஓட்டம் இப்போது 40 நிமிடம். பழைய முடிவோடு ஒப்பிட்டால் ஒரு நிலையத்தில் மட்டும் வித்தியாசம். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றுவது அங்கே இரண்டு முறை நடந்திருக்கிறது.' வேகத்தைப் பற்றிக் குழு ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். "அந்த எண்களோடு கட்டுரை போய்விட்டதா?" இல்லை, அனுப்புவதற்கு முன்பே திருத்திவிட்டோம் என்றேன். அதற்கப்புறம் சப்போர்ட் என்ற சொல் வரவே இல்லை.

உங்கள் நிறுவனம், ஆய்வை மதிப்பிடும் முறையைச் சீர்திருத்தக் கோரும் டோரா பிரகடனத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மென்பொருளையும் தரவுத் தொகுப்பையும் ஆய்வின் விளைவாக மதிப்பிடச் சொல்கிறது அது. இட்டிருந்தால் அந்த வரியை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

ஆசிரியர் பட்டியலில் பெயர் வருமா என்பதைத் திட்டம் தொடங்கும் வாரமே கேட்டு, மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். கட்டுரை முடியும் நேரத்தில் கேட்டால் மனத்தாங்கல்தான். எனக்கு இரண்டு நண்பர்கள் அப்படிப் போனார்கள்.