தற்காலிகம் என்று எழுதிய வரி

அவசரமாக எழுதிய மென்பொருள் நிரலைக் கடனுக்கு ஒப்பிட்டவர் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம். 1992இல், வைகேஷ் என்னும் முதலீட்டு மேலாண்மை மென்பொருளைப் பற்றிய அறிக்கையில், சிறு கடன் வேலையை விரைவுபடுத்தும், சீக்கிரம் திருத்தி எழுதி அடைக்காவிட்டால்தான் ஆபத்து என்றார்.

அதற்கான வட்டியை நான் 2025 செப்டம்பரில் கட்டினேன். ஜிஎஸ்டியின் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலான பொருள்களுக்கு 22ஆம் தேதி முதல் 5, 18 என மாறியபோது, எங்கள் பில்லிங் மென்பொருளில் ஓர் அட்டவணையைத் திருத்தினால் போதும் என்று நம்பியிருந்தேன். தேடினால், 0.12 என்ற எண் பதினேழு கோப்புகளில் நேரடியாகக் கிடந்தது. ஒன்றின் மேல் 'தற்காலிகம், பிறகு மாற்றவும்' என்ற குறிப்பும், அதை எழுதியவன் நானே என்பதற்கான கிட் (யார் எதை எப்போது மாற்றினார் என்று சேமித்து வைக்கும் கருவி) பதிவும் இருந்தன. விற்ற பொருள் திரும்பி வந்தால் விற்ற நாளின் விகிதமே பொருந்தும் என்பதால், ஒவ்வொரு விகிதத்தோடும் அது நடைமுறைக்கு வந்த தேதியையும் சேமிக்க வேண்டியிருந்தது.

முழுவதையும் புதிதாக எழுதலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. அடிக்கடி கைவைக்கும் கோப்புகளுக்கு முதலில், அவை சரியாக வேலை செய்கின்றனவா என்று தானாகச் சரிபார்க்கும் சோதனைகளை எழுதி, பிறகு அவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சீர்செய்தோம். மூன்று ஆண்டுகளாக யாரும் தொடாத அறிக்கைப் பகுதி இன்னும் அலங்கோலமாகத்தான் இருக்கிறது; இருக்கட்டும்.